வயலட் நின்ற இடங்கள்

ஜனவரி 5, ஞாயிறு

அம்மா ஒரு குதிரையைக் குத்தகைக்கு எடுத்திருக்கிறாள்.

இந்த வாக்கியத்தை எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். எழுவாய், செயப்படுபொருள், பயனிலை எல்லாம் சரியாக இருக்கின்றன. அர்த்தம்தான் இல்லை.

இந்த நோட்டில் கோபத்தை மட்டும் எழுதுவதாக முடிவு செய்திருக்கிறேன். கோபத்தில் எழுதினாலும் ஒற்றுப்பிழை வரக்கூடாது என்றும் முடிவு செய்திருக்கிறேன்.

முதலில் விவரங்கள். நான் அங்கயற்கண்ணி, ஒன்பதாம் வகுப்பு. வீட்டில் கயல். அம்மா சுகந்தி, வயது நாற்பத்திரண்டு, தபால் அலுவலகக் கவுண்டரில் வேலை. போன அக்டோபரில் மதுரையிலிருந்து கொடைக்கானலுக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டாள். அப்பா மதுரையிலேயே இருக்கிறார். எத்தனை நாளைக்கு என்று கேட்டால் பார்ப்போம் என்கிறாள். என் பள்ளிக்கூடம், என் நூலக அட்டை, என் சிநேகிதிகள் எல்லாம் அங்கே கிடக்க, நான் இங்கே மூன்று ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அக்டோபரிலிருந்து அம்மாவோடு தேவைக்கு மேல் பேசுவதில்லை. தேவை என்றால் சாப்பாடு, வெந்நீர், ரேங்க் அட்டையில் கையெழுத்து.

குதிரையின் பெயர் வயலட். நிறம் பழுப்பு. எட்டு வயதுப் பெண் மட்டக்குதிரை. ஏரிக்கரையில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் சுற்றும் சூசை அண்ணனுக்கு இப்படி மூன்று இருக்கின்றன. சீசன் தொடங்கும்வரை கூட்டம் குறைவு என்பதால் ஏப்ரல் முதல் வாரம்வரை வயலட்டை எங்களிடம் விட்டிருக்கிறார். தீவனமும் லாடமும் எங்கள் பொறுப்பு. வீட்டுக்குப் பின்னால் வீட்டுக்காரரின் பழைய உருளைக்கிழங்குக் கொட்டகையில் கட்டியிருக்கிறோம். ஏப்ரல் ஐந்தாம் தேதி இங்கே குதிரைக் காட்சி நடக்கிறதாம். அதில் பெரியவர்களுக்கான புதுமுகப் பிரிவு என்று ஒன்று உண்டாம். அம்மா பெயர் கொடுத்துவிட்டாள். இரண்டு மாதமாக ஞாயிறுதோறும் சூசை அண்ணனிடம் சவாரி பழகியிருக்கிறாள். காய்கறி வாங்கப் போவதாகத்தான் நான் நினைத்திருந்தேன்.

மாலையில் அப்பா போன் செய்தார். ஸ்பீக்கரில் இருந்ததால் எனக்கும் கேட்டது.

"டைப்ரைட்டிங் பாதி, பி.எட். பாதி, கார் ஓட்டப் பழகுனது பாதி. இப்ப குதிரையா? நீ எதைத்தான் சுகந்தி முடிச்சிருக்க?"

"இதை முடிப்பேன்" என்றாள் அம்மா. அவ்வளவுதான்.

மதுரைக்கு எப்போது திரும்புவோம் என்று பிறகு கேட்டேன். காட்சி முடியட்டும், உட்கார்ந்து பேசுவோம் என்றாள். ஆக, என் வாழ்க்கை ஒரு குதிரையின் நான்கு காலில் நிற்கிறது.

ஜனவரி 12, ஞாயிறு

வயலட்டுக்கு இடது பக்கம் மட்டும்தான் திரும்பத் தெரியும். பிறந்ததிலிருந்து ஏரியை ஒரே பக்கமாகச் சுற்றியதால் உலகத்தில் வலது பக்கம் ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது. வீட்டுக்குக் கீழே இருக்கும் பழைய ஹாக்கி மைதானத்தில் அம்மா வலது பக்கம் கடிவாளத்தை இழுக்கிறாள், குதிரை கழுத்தை மட்டும் வலப்பக்கம் வளைத்துக்கொண்டு இடப்பக்கம் போகிறது.

சூசை அண்ணன் பார்க்க வந்திருந்தார். பொறுமையா இருங்கக்கா, வந்துரும் என்றார். வயலட்டின் பெருமையை அரை மணி நேரம் பேசினார். கயிறு பிடிக்காமலே முழுச் சுற்றும் போகுமாம், படகுத்துறை வளைவில் பயணிகள் போட்டோ எடுத்துக்கொள்ளத் தானாகவே நின்று கொடுக்குமாம். வலது பக்கம் திரும்பாத குதிரைக்கு என்ன பெருமை வேண்டிக்கிடக்கிறது?

பதினொரு மணிக்கு அம்மா விழுந்தாள். சேற்றில், உட்கார்ந்த வாக்கில். சரியாக அப்போதுதான் என் வகுப்புப் பெனிட்டாவும் இன்னும் இரண்டு பேரும் மேல் ரோட்டில் வந்துகொண்டிருந்தார்கள். யாருடி அது என்று பெனிட்டா கேட்டாள்.

"எங்க வீட்டுக்குக் கீழ இருக்கிறவங்க" என்றேன்.

எங்கள் வீட்டுக்குக் கீழே யாரும் இல்லை. மைதானம்தான் இருக்கிறது.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். வயலட்டுக்குக் கரும்புத் தோகை, எனக்குக் கரும்பு. அப்பா வரவில்லை. மலை ஏறினால் தலை சுற்றுமாம்.

ஜனவரி 19, ஞாயிறு

பள்ளி நூலகத்தின் கடைசி அலமாரியில் அட்டை இல்லாத ஒரு ஆங்கிலப் புத்தகம் கிடைத்தது. குதிரையேற்றப் பயிற்சி. எழுபது வருடம் பழையது. இரண்டே நாளில் படித்துவிட்டேன். அம்மா செய்வது அத்தனையும் தப்பு என்று தெரிந்தது.

முக்கியமான விதி நாற்பதாம் பக்கத்தில் இருக்கிறது. தமிழில் எழுதினால் இப்படி வரும்: கேட்காமல் குதிரை நின்றால் பிழை குதிரையுடையதன்று, மேலே உட்கார்ந்திருப்பவருடையது.

அம்மாவிடம் புத்தகத்தைக் காட்டினேன். ஆங்கிலம் கடினமாக இருக்கிறது, நீ வேலியில் உட்கார்ந்து படித்துச் சொல்லேன் என்றாள். உதவி செய்ய ஆசையில்லை. ஆனால் காட்சி முடிந்தால்தான் மதுரை.

சவாரி செய்பவர் தன் பிழையைத் தானே பார்க்க முடியாது, ஒரு கண்ணாடி வேண்டும் என்று புத்தகம் சொல்கிறது. எழுபது வருடத்துக்கு முன் போன் கிடையாது. அம்மாவின் போனை வாங்கி வீடியோ எடுக்கத் தொடங்கினேன். எடுக்க ஆரம்பித்த முதல் நிமிடத்திலேயே வயலட் நடு மைதானத்தில் நின்றுவிட்டது. அம்மா குதிகாலால் அழுத்துகிறாள், நாக்கைத் தட்டுகிறாள், அது கோயில் சிலைபோல நிற்கிறது. நாற்பது விநாடி. அலுத்துப்போய் போனைக் கீழே வைத்தேன். அதற்கப்புறம்தான் நகர்ந்தது.

ஜனவரி 25, சனி

பள்ளியில் அறிவியல் பதிவேடு எழுதுவதுபோல அட்டவணை போட்டிருக்கிறேன்.

4.10: மேற்கு மூலை. நின்றது. 38 விநாடி. அம்மாவின் கை இறுக்கம்.
4.17: நடுவில். 41 விநாடி. முதுகு வளைந்திருக்கிறது.
4.26: யூகலிப்டஸ் மரத்துக்கு எதிரே. 35 விநாடி. காரணம் தெரியவில்லை, அம்மாதான்.

4.17க்கும் 4.26க்கும் இடையே எனக்குத் தும்மல் வந்து மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அந்த ஒன்பது நிமிடமும் வயலட் அழகாக நடந்ததாம், அம்மா சொல்கிறாள். ஆதாரம் இல்லாததால் குறித்துக்கொள்ளவில்லை.

காட்சியின் விதிமுறைத் தாளையும் வாங்கிப் படித்தேன். வளையத்துக்குள் நடை, ஓட்டநடை, இரண்டு பக்கமும் வட்டம், கடைசியில் நடுவர் முன்னால் நின்று வணக்கம். கேட்காமல் மூன்று தடவை நின்றால் மணி அடித்து வெளியே அனுப்பிவிடுவார்கள். பார்வையாளர் யாரும் குரலாலோ சைகையாலோ குதிரையையோ சவாரி செய்பவரையோ வழிநடத்தக்கூடாது. அது பதினான்காவது விதி.

மூன்று தடவை. அம்மா ஒரு மணி நேரத்தில் ஒன்பது தடவை நிற்கிறாள்.

பிப்ரவரி 2, ஞாயிறு

வலது பக்கம் திரும்பிவிட்டது! (ஆச்சரியக்குறி வயலட்டுக்கு. அம்மாவுக்கு இல்லை.)

பிறகு பதினொரு தடவை நின்றது.

பிப்ரவரி 5, புதன்

காலையில் லத்தி அள்ளினேன். கொள்ளு ஊற வைத்தேன். பள்ளியில், என் மேலிருந்து குதிரை வாசனை அடிக்கிறது என்று பெனிட்டா சொன்னாள். குதிரைக்கு உன்மேல் என்ன வாசனை அடிக்கிறதென்று கேட்டுச் சொல்கிறேன் என்றேன். நல்ல பதில். மூன்று மணி நேரம் கழித்துத்தான் தோன்றியது என்பதால் சொல்லவில்லை, இங்கே எழுதுகிறேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

எழுதப் பிடிக்கவில்லை. எழுதுகிறேன்.

இன்றைக்கு இரண்டு மணி நேரத்தில் பதினான்கு நிறுத்தம். வேலியில் உட்கார்ந்து கையை உயர்த்திப் பிடித்துப் பிடித்துத் தோள் வலிக்கிறது. ஒவ்வொரு தடவையும் புத்தகத்தைப் புரட்டி எது தப்பு என்று சொல்கிறேன். இடுப்பு, முழங்கால், மூச்சு. அம்மா ஒவ்வொன்றுக்கும் "சரி டீச்சர்" என்கிறாள். பதினான்காவது தடவை நின்றபோது சிரிக்கவும் செய்தாள். என்னை நேராகப் பார்த்துக்கொண்டு.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. நான் மதுரையை விட்டுவிட்டு வந்து இங்கே குளிரில் உட்கார்ந்திருக்கிறேன், அவளுக்கு இது விளையாட்டு.

"அப்பா சொன்னது சரிதான்மா. உன்னால எதையும் முடிக்க முடியாது."

சொல்லும்போதே நிறுத்திவிடலாம் என்று தோன்றியது. ஆனாலும் முழுக்கச் சொன்னேன்.

அம்மா வயலட்டின் கழுத்தைத் தட்டிக்கொண்டிருந்தாள். "வெயில் போகுது. இன்னொரு ரவுண்டு எடுத்துரலாமா?" என்று கேட்டாள்.

நான் போனை வேலிக்கம்பத்தின் மேல் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

பிப்ரவரி 10, திங்கள்

ஒன்றுமில்லை.

பிப்ரவரி 16, ஞாயிறு

போகக்கூடாது என்றிருந்தேன். காலையில் அம்மா வந்து என் மேசைமேல் போனை வைத்தாள். "சார்ஜ் ஃபுல்லா போட்டிருக்கேன். புத்தகத்தையும் எடுத்துக்க" என்றாள். மன்னிப்புக் கேட்கச் சொல்லியிருந்தால் போயிருக்க மாட்டேன். கேட்கச் சொல்லவில்லை என்பதும் கோபமாகத்தான் இருந்தது.

ஒரு மாற்றம். அம்மா இப்போது என் எதிரே வரும்போது மட்டும் வயலட்டோடு பேசுகிறாள். ஏதோ முணுமுணுத்துக்கொண்டு, கால் இரண்டாலும் அழுத்தி, ஒரு அடி எடுத்து வைத்தவுடன் கழுத்தைத் தடவி வெல்லம் கொடுக்கிறாள். மைதானத்தின் அந்தப் பக்கம் பேசுவதில்லை. ஏன் என்று கேட்டேன். சும்மாதான் என்றாள். புத்தகத்தில் வெல்லம் பற்றி ஒன்றும் இல்லை.

சராசரி: 27 விநாடி.

பிப்ரவரி 23, ஞாயிறு

சராசரி: 16 விநாடி. என் பயிற்சி வேலை செய்கிறது.

மார்ச் 2, ஞாயிறு

சராசரி: 7 விநாடி. இரண்டு தடவை நிற்காமலே போனது. புத்தகத்தின் நாற்பதாம் பக்கத்தை எழுதிய மனிதர் உயிரோடு இருந்தால் கடிதம் போட்டிருப்பேன்.

ஆனால் ஏழு விநாடியும் நிறுத்தம்தான். விதியில் விநாடிக் கணக்கு இல்லை, தடவைக் கணக்குத்தான் இருக்கிறது. அம்மாவின் கை, முதுகு, முழங்கால் எல்லாம் இப்போது புத்தகப் படம்போலவே இருக்கின்றன. அப்படியானால் பிழை வேறெங்கோ இருக்கிறது. சூசை அண்ணன் ஏதோ குறையுள்ள குதிரையை எங்கள் தலையில் கட்டிவிட்டார் என்று தோன்றுகிறது. சனிக்கிழமை ஏரிக்குப் போய் நேரே கேட்கப் போகிறேன்.

மார்ச் 8, சனி

கேட்டேன்.

மூன்று பஸ் நிறுத்தம் நடந்து போனேன். என்ன சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன். சூசை அண்ணன் வேர்க்கடலை தின்றுகொண்டு நின்றார். நோயுள்ள குதிரையைக் கொடுத்து ஏமாற்றிவிட்டீர்கள், நடுவில் நடுவில் நிற்கிறது, இது நியாயமா என்று கேட்டேன். அட்டவணையைக் காட்டினேன். அவர் ஒவ்வொரு வரியாகப் படித்தார்.

"இதெல்லாம் நீ எப்படிப் பாப்பா குறிச்ச? அவ்வளவு கரெக்டா?"

வீடியோவைப் பார்த்துக் குறித்தேன் என்றேன்.

அவர் சிரிக்க ஆரம்பித்தார். கடலையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். அப்புறம் சட்டைப்பையிலிருந்து தன் போனை எடுத்தார். அவருடைய மற்ற இரண்டு குதிரைகளும் ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு ரோட்டில் வந்துகொண்டிருந்தன. கயிறு யார் கையிலும் இல்லை. சூசை அண்ணன் போனை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார். இரண்டும் நின்றன. காது இரண்டும் முன்னால், நான்கு காலும் நேராக. போனை இறக்கினார். இரண்டும் நடந்தன.

"மூணையும் நான்தான் பழக்குனேன். டூரிஸ்ட்டு போனைத் தூக்குனா நிக்கணும், இறக்குனா போகணும். வாயே தொறக்க வேணாம். அன்னிக்கே அக்காகிட்ட சொன்னேனே, போட்டோவுக்குத் தானா நிக்கும்னு."

எனக்கும்தான் சொன்னார். ஜனவரி பன்னிரண்டில் நானே எழுதி வைத்திருக்கிறேன். இப்போது எடுத்துப் பார்த்தேன். ஒற்றுப்பிழை ஒன்றுகூட இல்லை.

வீட்டுக்கு நடந்தே வந்தேன். வழியில் ஒரு கல்லை எட்டி உதைத்தேன். கால் பெருவிரல் வீங்கியிருக்கிறது. ஏழு வாரம். நான் கையைத் தூக்கியபோதெல்லாம் அது நின்றது, நிறுத்தியவள் நான், திட்டியதும் நான். பிப்ரவரி ஒன்பதாம் தேதி நான் சொன்ன வாக்கியத்தை அப்பா சொன்னதாகச் சொன்னேன். அதையும் சொன்னது நான்தான்.

அம்மாவிடம் சொல்லப் போவதில்லை. நாளையிலிருந்து படம் எடுக்காவிட்டால் போதும்.

மார்ச் 9, ஞாயிறு

போனில் இடமில்லை என்று சொல்லிவிட்டேன்.

"பழசை அழிச்சிட்டு எடு" என்றாள் அம்மா.

அழிக்க முடியாது, ஆய்வுக்கு வேண்டும் என்றேன். என் பழைய போன் அலமாரியில் இருக்கிறது, அதில் எடு என்றாள். கண்ணாடி உடைந்திருக்கிறது என்றேன். பரவாயில்லை, சும்மா தூக்கிப் பிடித்தாலும் போதும், எனக்குப் பழகிவிட்டது என்றாள். இது எனக்கு விசித்திரமாகப் பட்டது. ஆனால் மறுத்துவிட்டேன்.

நிறுத்தம்: பூஜ்யம்.

மார்ச் 16, ஞாயிறு

பூஜ்யம். அம்மா துள்ளிக் குதிப்பாள் என்று நினைத்தேன். ஒவ்வொரு சுற்றிலும் என் கையைத்தான் பார்க்கிறாள். கையில் புத்தகம் மட்டும் வைத்திருக்கிறேன், அதையும் மடியிலேயே.

மார்ச் 23, ஞாயிறு

பூஜ்யம். ஆனால் புதுத் தொல்லை. கடைசியில் நின்று வணக்கம் சொல்ல வேண்டுமே, அதற்கு வயலட் நிற்க மாட்டேன் என்கிறது. அம்மா கடிவாளத்தைச் சேர்த்துப் பிடிக்கிறாள், அரை விநாடி நிற்கிறது, வணக்கம் சொல்லக் கையை இறக்கினால் நடந்துவிடுகிறது. கேட்காதபோது ஏழு வாரம் நின்ற குதிரை, கேட்டால் நிற்காது.

அம்மா சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. "ஒரே ஒரு தடவை எடேன் கயலு" என்றாள்.

தலைவலி என்று சொல்லி வந்துவிட்டேன்.

ஏப்ரல் 4, வெள்ளி

சேணத்துக்கு எண்ணெய் போட்டாயிற்று. பிடரி மயிர் சீவியாயிற்று. பெருக்கல் வாய்ப்பாடுபோல ஒரே எண்ணம் திரும்பத் திரும்ப வருகிறது: நாளைக்கு எல்லாரும் போன் கொண்டுவருவார்கள்.

சொல்லிவிடலாம் என்று சமையலறைக்குப் போனேன். அடுப்பில் கொள்ளு வெந்துகொண்டிருந்தது. அம்மா திரும்பிப் பார்த்தாள். குதிரைக்கு உப்பு போட்டாயா என்று கேட்டேன். போட்டேன் என்றாள். வந்துவிட்டேன்.

ஏப்ரல் 5, சனி

காட்சி ஒரு பள்ளி மைதானத்தில். வெள்ளைக் கயிறு கட்டிய வளையம், சுற்றிலும் மூங்கில் வேலி, ஒரு பக்கம் நடுவருக்குப் பந்தல். அம்மாவின் பிரிவில் ஐந்து பேர். மற்ற நால்வரும் சமவெளியிலிருந்து வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்த உயரமான குதிரைகளோடு வந்திருந்தார்கள். வயலட் அவற்றின் வயிறு உயரம்தான். வாசலில் ஒரு அம்மாள், காலில் பளபளவென்று நீள பூட்ஸ், வயலட்டைப் பார்த்துவிட்டு என் அம்மாவிடம் கேட்டாள்:

"இது ஏரியில ஓடுறதுதானே? ஒரு ரவுண்டு எவ்வளவுங்க?"

"உங்களுக்கு ஃப்ரீ. ஏறிக்கங்க" என்றாள் அம்மா.

நானாக இருந்தால் மூன்று மணி நேரம் கழித்துத்தான் தோன்றியிருக்கும்.

இரண்டாவதாகப் போனவருடைய குதிரை ஒலிபெருக்கிச் சத்தத்துக்கு மிரண்டு கயிற்றைத் தாண்டி வெளியே ஓடிவிட்டது. அம்மா ஐந்தாவது. உள்ளே நுழைந்தாள். முதல் மூலையிலேயே ஒரு கல்லூரிக் கூட்டம். ஏரிக் குதிரை வருதுடா என்று யாரோ சொல்ல, ஐந்தாறு பேர் போனைத் தூக்கினார்கள்.

வயலட் நின்றது.

அம்மா கால் இரண்டாலும் அழுத்தினாள், முணுமுணுத்தாள். மூன்று விநாடி. அவர்கள் போனை இறக்கவே இல்லை, ஆனால் வயலட் நடந்துவிட்டது. போனைப் பார்த்துக்கொண்டே நடந்தது. எனக்கு அது புரியவில்லை. புரிந்துகொள்ள நேரமும் இல்லை. இரண்டாவது, பந்தலுக்குப் பக்கத்தில். வரிசையாக நாற்காலிகள், வரிசையாக போன்கள். இந்தத் தடவை பன்னிரண்டு விநாடி. நடுவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் மணியில் கை வைத்துவிட்டார்.

இன்னும் ஒன்று.

பதினான்காவது விதி எனக்கு மனப்பாடம். குதிரையையும் சவாரி செய்பவரையும்தான் வழிநடத்தக்கூடாது. பார்வையாளரை வழிநடத்தக்கூடாது என்று இல்லை. நான் வேலியோரமாக ஓடினேன். போனைக் கீழே இறக்குங்கள், தயவுசெய்து இறக்குங்கள் என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டே ஓடினேன். முதலில் தயவுசெய்து என்றேன். அப்புறம் அதை விட்டுவிட்டேன். சிலர் இறக்கினார்கள். ஒருவர் கையையே பிடித்து இறக்கினேன். வீங்கிய பெருவிரலை யாரோ மிதித்தார்கள். வேலியின் கடைசியில் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவர் போனை இன்னும் உயரத் தூக்கினார்.

"டிக்கெட் வாங்கிட்டுத்தான்மா வந்திருக்கோம். எடுக்காதங்கிறதுக்கு நீ யாரு?"

"நான் அவங்க பொண்ணு" என்றேன். கத்தினேன் என்றுதான் எழுத வேண்டும். பெனிட்டா எனக்கு இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தாள். "மேல இருக்கிறவங்க எங்க அம்மா. போனை இறக்குங்க."

இறக்கினார்.

மைதானமே கையைக் கட்டிக்கொண்டு பார்த்தது. அம்மா இடது வட்டம் போட்டாள். வலது வட்டம் போட்டாள். ஜனவரியில் இல்லாத வலது பக்கம். ஓட்டநடையில் முதுகு நேராக, கை அமைதியாக. எழுபது வருடம் முன் அந்தப் புத்தகத்தை எழுதியவர் பார்த்திருக்க வேண்டும். பிறகு நடுக்கோட்டில் திரும்பிப் பந்தலை நோக்கி வந்தாள். கடைசி நிறுத்தம். இதற்கு நின்றே ஆக வேண்டும். இரண்டு வாரமாக வணக்கத்துக்கு வயலட் ஒரு தடவைகூட ஒழுங்காக நின்றதில்லை.

நான் பந்தலுக்குப் பின்னால், நடுவரின் தலைக்கு மேலே தெரியும் இடத்தில் நின்றிருந்தேன். அம்மா கடிவாளத்தைச் சேர்த்தாள். சேர்க்கும்போது நடுவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள்.

நான் போனைத் தூக்கினேன்.

வயலட் நின்றது. காது இரண்டும் முன்னால், நான்கு காலும் நான்கு தூண். அம்மா ஒரு கையை இறக்கித் தலை குனிந்து வணங்கினாள். நான் ஏழு எண்ணினேன். போனை இறக்கினேன். அம்மாவும் வயலட்டும் நடந்து வெளியே போனார்கள்.

ஐந்து பேரில் நான்காவது இடம். ஐந்தாவது, கயிற்றைத் தாண்டி ஓடியவர். ஆக, உண்மையில் அம்மாதான் கடைசி. ஆனால் மதிப்பெண் தாளில் கடைசிக் கட்டத்தில், நிறுத்தமும் வணக்கமும் என்பதற்கு எதிரே, பத்துக்கு ஒன்பது என்று போட்டிருக்கிறார்கள். அந்தப் பிரிவிலேயே அதுதான் அதிகம்.

பார்வையாளர் படம் எடுப்பது பற்றி விதியில் எதுவும் இல்லை. வீட்டுக்கு வந்து இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டேன். பதினான்காவது விதியில் சைகை என்று ஒரு சொல் இருக்கிறது. அதைப் பற்றி எழுத விரும்பவில்லை.

இனி எழுதுவதுதான் முக்கியமானது. சேணத்தை அவிழ்க்கும்போது அம்மா சொன்னாள்:

"சரியான நேரத்துலதான் தூக்குன."

எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டேன்.

"ரெண்டாவது வாரத்துலயே. நீ தும்முனேல்ல, அன்னைக்கு."

"அப்ப பிப்ரவரியில நான் அப்படிச் சொன்னப்ப?"

"அப்பவும் தெரியும்."

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். மைதானமே திரும்பிப் பார்க்கிற மாதிரி கேட்டேன். அம்மா வயிற்று வாரை உருவி, வியர்வையைத் துடைத்து, மடித்து வைத்துவிட்டுச் சொன்னாள்.

"சொன்னா நீ போனை வச்சிட்டு உள்ள போயிருப்ப. அக்டோபர்லருந்து என்கூடப் பேசாத பிள்ள. திட்டுறதுக்காச்சும் வேலியில வந்து உக்காந்துச்சு. உக்காரட்டும்னு விட்டுட்டேன்."

நீ தோற்றிருப்பாய், மணி அடித்திருப்பார்கள் என்றேன்.

"அதுக்குத்தான் நீ தூக்குறப்பல்லாம் நடக்கப் பழக்கிக்கிட்டிருந்தேன். ஏழு செகண்டுக்கு வந்துச்சுல்ல? இன்னும் மூணு வாரம் எடுத்திருந்தா நிக்கவே நின்னுருக்காது. நீதான் திடீர்னு எடுக்க மாட்டேன்னுட்ட."

ஆக, எடுத்தபோதும் தப்பு என்னுடையது, எடுக்காதபோதும் தப்பு என்னுடையது. வயலட்டின் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றேன். கோபத்தில்தான்.

ஏப்ரல் 6, ஞாயிறு

காலையில் வயலட்டைச் சூசை அண்ணனிடம் விட்டுவிட்டு வந்தோம். பத்து மணிக்கெல்லாம் மேலே ஒரு குழந்தையை ஏற்றிக்கொண்டு இடது பக்கமாகப் போனது. படகுத்துறை வளைவில் குழந்தையின் அப்பா போனைத் தூக்கினார். வயலட் நின்றது. ஆனால் அவர் இறக்குவதற்கு முன்பே கிளம்பிவிட்டது. சூசை அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். "என்னக்கா பண்ணி வச்சிருக்கீங்க?" என்றார். அம்மா என் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

மத்தியானம் நானே அப்பாவுக்குப் போன் செய்தேன். அம்மா முடித்துவிட்டார்கள் என்று சொன்னேன். எத்தனையாவது என்று கேட்டார். முடித்துவிட்டார்கள் என்று மறுபடியும் சொன்னேன். அதுதான், எத்தனையாவது என்று மறுபடியும் கேட்டார். வைத்துவிட்டேன்.

சாப்பிடும்போது அம்மா, காட்சி முடிந்துவிட்டது, இப்போது உட்கார்ந்து பேசுவோமா, மதுரை பற்றி என்றாள். கேட்டவள் அவள்தான் என்றாலும் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள், சாப்பிடவில்லை. எனக்குப் பரீட்சை இருக்கிறது, அப்புறம் பார்ப்போம் என்றேன்.

கொட்டகையைக் கழுவிவிட்டேன். பிறகு போனில் இடம் வேண்டுமென்று பழைய வீடியோக்களை அழிக்க உட்கார்ந்தேன். வயலட் நிற்பவை அறுபத்தேழு இருக்கின்றன. எல்லாவற்றையும் அட்டவணை போடும்போது பார்த்தவள்தான் நான். கையைப் பார்த்தேன், குதிகாலைப் பார்த்தேன், முழங்கால், இடுப்பு, கடிவாளம் என்று பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். இன்றைக்கு முதல்முறையாக எதையும் பெரிதாக்காமல் முழுப் படத்தையும் பார்த்தேன்.

அறுபத்தேழிலும் குதிரை நின்றுகொண்டிருக்கிறது. அறுபத்தேழிலும் அதன்மேல் உட்கார்ந்து அம்மா என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

எதையும் அழிக்கவில்லை. எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.